ஒரு காலடி பின்னே

கச்சான் பிடித்த மே மாதம்.
தென்கடல் பக்கத்துப் பள்ளி மைதானத்தில்
பந்துக்குள் கிடந்த மணியைக்
காற்று தின்றுவிட்டது.
உருட்டிவிட்ட பந்து எந்தப் பக்கம் போகிறதென்று
ஒருவருக்கும் கேட்கவில்லை.
"இடது! இடது!" என்று பயிற்சியாளர் கத்த
இடது என்ற சொல்லே
வலது பக்கமாய்ப் பறந்து போனது.

மூன்று நாள் முகாம்.
முதல் நாளில் முக்கால்வாசி போச்சு.

பௌசியாதான் சொன்னாள்,
பெரியபட்டினத்துக்காரி, பதின்மூன்று வயசு:
"சார், இந்தக் கடலு சண்டை போடுது.
வடகடல் சும்மாத்தானே கெடக்கும்,
அங்க போவமே."

மண்டபத்தில் இது ஒரு வசதி.
ஒரு கடல் கோபித்துக்கொண்டால்
தண்டவாளம் தாண்டினால்
இன்னொரு கடல்.

முன்னவர் தோளில் பின்னவர் கை வைத்து
இருபத்திரண்டு பேர் நடந்தார்கள்.
ரோட்டில் நின்ற லாரியைப் பார்த்து
"பரவால்லையே, வழிவிட்டான்" என்றேன்.
வரிசையின் நடுவிலிருந்து
"என்னக்கா?" என்றான் வழிவிட்டான்.

தடைக்காலம்.
விசைப்படகுகள் கட்டிக் கிடக்க
ஏலக்கூடம் காலியாய் இருந்தது.
சிமெண்ட் தரையைக் கழுவி
நைலான் கயிற்றை நீட்டி அதன்மேல் டேப் ஒட்டினோம்.
பாதத்தால் தடவி அறிகிற கோடு.
எத்தனை வாளி ஊற்றியும் போகாத மீன்வாடை
இரண்டு அணிக்கும் பொது.

ஓரளவு தெரிகிறவர்களுக்கும்
கறுப்புத் துணி கட்டவேண்டும், அதுதான் விதி.
"இருந்த காலணாவையும் புடுங்கிட்டீங்களே"
என்று முனகிக்கொண்டே தலையை நீட்டினான் வழிவிட்டான்.

கோல் விழும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது.
வேடிக்கை பார்க்க வந்த ஏலக்கார இன்னாசி,
நாலு தெருவுக்குக் கேட்கும் தொண்டைக்காரர்,
துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்.
மணி மட்டும் வந்தது,
கில், கில், கிலுங்.
கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாய்
நீளமாய்ச் சரிந்து விழுந்தான் வழிவிட்டான்.
ஒன்பது பந்து.
ஒன்றுக்குக்கூட அவன்
பேருக்கேற்றபடி நடக்கவில்லை.
விசில் ஊதியதும் இன்னாசி போட்ட சத்தத்தில்
கூரைப் புறாக்கள் எல்லாம் போயின.

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம் நான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஓட்டம்.
வற்றம் விட்டுப்போன ஈரமணலில் நூறு மீட்டர்.
பௌசியாவின் இடக்கைக்கும்
என் வலக்கைக்கும் நடுவே
ஒரு முழம்கூட வராத கயிறு.
உடற்கல்வி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்,
கல்லூரியில் எனக்கு மெடல் உண்டு.
அவள் காலுக்கு என் காலை எண்ணிப் போடுவதில்
முப்பதாவது மீட்டரிலேயே
வாய் உலர்ந்துவிட்டது.

அறுபதில் முந்தினோம்.
எண்பதில் பக்கத்துத் தடத்தில் யாருமில்லை.
அப்போது நான் பார்த்துவிட்டேன்,
எல்லைக்கோட்டை,
அங்கே நிற்கிற ஆட்களை,
தூக்கிப் பிடித்த செல்போன்களை.

என் நெஞ்சு
அவள் நெஞ்சுக்கு முன்னால் போய்விட்டது.
அரையடி இருக்கும்.

வழிகாட்டி முந்தினால் ஓட்டம் செல்லாது.

கயிற்றை அவளே அவிழ்த்தாள்.
"நான்தானே லாத்தா மொதல்ல?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"ஏன் முந்துனீங்க?"
"ஆளுங்க நின்னாங்க... பார்த்துட்டேன்."
"எனக்கும் கேட்டுச்சு.
நான் முந்துனேனா?"

ராத்திரிச் சாப்பாட்டில்
என் பக்கம் உட்காரவில்லை.
மாத்ரியோடும் ஷிபானாவோடும்
என்னவோ சொல்லிச் சிரித்தாள்,
அது என்னைப் பற்றி இல்லை என்று
நானே சொல்லிக்கொண்டேன்.
மீன்குழம்பு காரம்.
மணிக்கட்டில் கயிறு அழுத்திய சிவப்பு
இன்னும் மறையவில்லை.

காலையில் அவள் அத்தா வேன் கொண்டுவந்தார்.
ஏறி உட்கார்ந்தவள்
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி,
நான் எங்கே நிற்கிறேன் என்று சரியாய்த் தெரிந்தமாதிரி,
"அடுத்த வருசமும் நீங்கதான் வரணும்.
ஆனா, ஒரு காலடி பின்ன வாங்க"
என்றாள்.

வேன் போன திசையில்
தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம்
தென்கடல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.